ஏரிக்கரையில் குடும்பத்தோடு ஒரு கோடை நாள்: காட்டேஜ் எடுப்பதா, போய்விட்டு மாலையே திரும்புவதா?

கோடை விடுமுறை நெருங்கும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு ஏரியின் படத்தைப் போடுவார்கள். எல்லோரும் சேர்ந்து போகலாமா என்று கேட்பார்கள். எல்லோரும் சரி என்பார்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆசை இல்லாமல் இல்லை. தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா குடும்பங்கள், அத்தை மாமா, கைக்குழந்தை, பதின்வயதுப் பிள்ளைகள் என்று ஒரு டஜன் பேருக்கு மேல் கிளம்பும்போது, ஒருவருக்கு வசதியானது இன்னொருவருக்குத் தொந்தரவாகிறது. கரையிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார் ஒருவர். ஒரு பகலுக்கு எதற்கு வீடு என்கிறார் இன்னொருவர். ஆளுக்கு ஓர் அறை போடுவோம் என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் முடிவு எடுக்க முடிவதில்லை.

வழிகளை ஒப்பிடும் முன், எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை முடிவு செய்துகொள்வோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலான வீடுகளில் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதுதான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். என் முதல் கேள்வி வேறு: அந்த நாளில் யார் ஏரியைப் பார்த்து உட்காரப் போகிறார்கள், யார் அடுப்பைப் பார்த்து நிற்கப் போகிறார்கள்? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதி முடிவு வந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். நீந்தத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு நேரம் தண்ணீருக்கு எட்டும் தூரத்தில் இருப்பார்கள், கண்காணிக்க யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, வயதானவர்கள். அவர்களுக்குத் தேவை மூன்றே விஷயங்கள்: பக்கத்தில் கழிப்பறை, நல்ல நிழல், மதியம் முதுகைச் சாய்க்க ஓர் இடம். அப்புறம் வானிலை. மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் எங்கே ஒதுங்குவது? ஐந்தாவது, பாதியில் கிளம்ப வேண்டியவர் மற்றவர்கள் நாளைக் கெடுக்காமல் கிளம்ப முடியுமா என்பது. இவற்றுக்கெல்லாம் பிறகு பணம். அதிலும் விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகையை விட, வீடு திரும்பிய பிறகு கூட்டிப் பார்க்கும் மொத்தச் செலவுதான் கணக்கு.

## முழுக் காட்டேஜை வாடகைக்கு எடுப்பது

காட்டேஜ் தரும் பெரிய வரம் நேரம். ஏரி அழகாக இருப்பது விடியற்காலையிலும் சாயங்காலமும்தான். காலையில் பெரும்பாலும் காற்று அடங்கி நீர் அசையாமல் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீரைவிட நிலம் வேகமாகச் சூடாகி, ஏரியிலிருந்து கரைக்குக் காற்று கிளம்பும். பகலில் மட்டும் வந்துபோகிறவர்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் நடுப்பகல். புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருப்பதும் அப்போதுதான், ஏறக்குறைய 10 மணி முதல் 4 மணி வரை. தண்ணீருக்குள் இருந்தால் வெயில் படாது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் உள்ள புற ஊதாக் கதிரில் சுமார் 40 சதவீதம் இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கரையில் வீடு இருந்தால் அந்த நேரத்தில் எல்லோரும் உள்ளே வந்துவிடலாம். குழந்தை தூங்கும், தாத்தா படுப்பார், மற்றவர்கள் சீட்டு ஆடலாம். நான்கு மணிக்கு மேல் மறுபடி தண்ணீர். மழை வந்தாலும் நாள் வீணாகாது. இந்த ஒரு வசதிக்காகவே பலர் காட்டேஜுக்குப் பணம் கொடுக்கிறார்கள், அது தகும்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். கோடையில் பல காட்டேஜ்கள் ஓர் இரவுக்குக் கிடைக்காது, குறைந்தது இரண்டு மூன்று இரவு எடுக்கச் சொல்வார்கள். வாடகைக்கு மேல் சுத்தம் செய்யும் கட்டணமும் டெபாசிட்டும் இருக்கும். படுக்கை விரிப்பும் துண்டும் சில இடங்களில் நாமே கொண்டுபோக வேண்டும். குப்பையை நாமே திரும்ப எடுத்துப்போகச் சொல்லும் இடங்களும் உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

'12 பேர் தங்கலாம்' என்பதை அப்படியே நம்பாதீர்கள். அந்தப் பன்னிரண்டில் சோபாவை விரித்துப் படுப்பவர்களும் சேர்த்தி. படுக்கைகளை எண்ணுவதற்கு முன் கழிப்பறைகளை எண்ணுங்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரே கழிப்பறை என்றால் காலை நேரம் முழுக்க வாசலில் காத்திருப்பதிலேயே போகும். ஊர்ப் பொதுச் சாக்கடை எட்டாத ஏரிக்கரை வீடுகள் செப்டிக் டேங்கை நம்பியவை. படுக்கையறைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் அதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பார்கள். ஆறு பேருக்கான தொட்டியில் பதினெட்டுப் பேர் ஒரே நாளில் குளித்து, துவைத்து, கழிப்பறையும் பயன்படுத்தினால் அது பொங்கி வழிய வாய்ப்பு உண்டு. ஈரத் துடைப்புத் தாள்களைக் கழிப்பறையில் போடக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய மறைமுகச் செலவு சமையலறை. வீட்டில் அடுப்பு இருக்கிறது என்றாலே, வெளியில் வாங்குவானேன், செய்துகொள்ளலாமே என்ற பேச்சு வந்துவிடும். மூன்று வேளையும் ஒரு டஜன் பேருக்குச் சமைக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும், நடுவில் டீ போட வேண்டும். இதை யார் செய்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் பதில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவும் பெரியம்மாவும் அத்தையும் தங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து இன்னொரு வீட்டுச் சமையலறைக்கு இடம் மாறுவார்கள், அவ்வளவுதான். அங்கே கத்திகூடச் சரியாக வெட்டாது. எவ்வளவு அழகான ஏரியாக இருந்தாலும், அவர்களில் ஒருத்தி கரையில் கால் நனைக்காமல் திரும்பினால் அந்தப் பயணம் சரியாகத் திட்டமிடப்படவில்லை என்றே நான் சொல்வேன்.

அதற்காகக் காட்டேஜை விட வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேளைதான் சூடான சமையல் என்று முடிவு செய்யுங்கள். மற்ற வேளைகளுக்கு அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடியதை வாங்கிப் போங்கள். அந்த ஒரு வேளையை எந்தக் குடும்பம் செய்யும், எந்தக் குடும்பம் கழுவி வைக்கும் என்று பெயரோடு கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். எல்லோரும் சேர்ந்து செய்வோம் என்ற வாக்குறுதி மட்டும் போதாது. பெயர் எழுதப்படாத வேலை எப்போதும் செய்கிறவர்களிடமே போய்ச் சேரும்.

காட்டேஜின் இன்னொரு பக்கம் தண்ணீர். கதவைத் திறந்தால் ஏரி என்பதுதான் விளம்பரம். நீந்தத் தெரியாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆபத்தும் அதுவேதான். 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்று எதிர்பார்ப்பது தவறு. மூச்சு வாங்கவே வாய் போதிய நேரம் தண்ணீருக்கு மேல் இருப்பதில்லை என்னும்போது கத்த முடியாது. உயிர்காப்பாளராகப் பணியாற்றிய பிராங்க் பியா இதை ஆராய்ந்து எழுதினார். அப்படி மூழ்குகிறவர் நீருக்கு மேல் போராடும் நேரம் 20 முதல் 60 விநாடிதான். ஒரு போன் அழைப்பை எடுத்து 'அப்புறம் பேசறேன்' என்று வைப்பதற்குள் அது முடிந்துவிடும்.

கூட்டுக் குடும்பத்தில் இதற்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. கரையில் பத்துப் பெரியவர்கள் இருக்கும்போது, வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று பத்துப் பேருமே நினைப்பார்கள். ஆகவே ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். அந்த நேரத்தில் அவர் கையில் போன், புத்தகம், மது எதுவும் இருக்கக் கூடாது. மாறும்போது "மாமா, இனி நீங்க பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவரும் சரி என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டையும் மிதவை வளையமும் விளையாட்டுச் சாமான்கள், பாதுகாப்புக் கருவிகள் அல்ல. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது முகவாய்க்கு மேல் ஏறினால் அளவு பெரிது. வாசல் கதவுக்குக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை வீடு எடுக்கும் முன்பே கேளுங்கள். ஆபத்து நீந்தும் நேரத்தில் மட்டும் இல்லை. எல்லோரும் சாப்பிட்டு அசந்திருக்கும் மதியத்திலும் உண்டு.

யாருக்குப் பொருந்தும்: மதியம் தூங்க வேண்டிய குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு. வேலையைப் பிரித்துக்கொள்ளச் சம்மதிப்பவர்களுக்கு. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு.

## காலையில் போய் மாலையில் திரும்புவது

பணம் குறைவு, ஏற்பாடு குறைவு, மனத்தாங்கலும் குறைவு. ஏரிக்கரைப் பூங்காவிலோ பொதுக் கரையிலோ ஒரு மரத்தடியைப் பிடித்து, கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்தால் அதுவே போதும். அடுப்பு இல்லாததால் அடுப்படி வேலையும் இல்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போக நினைப்பவரும் வரலாம். நீந்துவதற்கென்று கயிறு கட்டிப் பிரித்த பகுதியும் பணியில் உயிர்காப்பாளரும் இருக்கும் கரை கிடைத்தால், பாதுகாப்பில் இது காட்டேஜையே மிஞ்சும். தனியார் வீட்டுக் கரையில் அந்த வசதி இருப்பது அபூர்வம்.

ஆனால் 'ஒரு நாள்தானே' என்பதற்குள் சில விஷயங்கள் மறைந்திருக்கின்றன. நிழலான இடம் வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும். முந்தின இரவே யாரோ சமைத்துக் கட்ட வேண்டும், அது யார் என்ற கேள்வி இங்கேயும் உண்டு. வாகனம் நிறுத்தவும் உள்ளே நுழையவும் கட்டணம் இருக்கலாம். வண்டி ஓட்டுபவர் வெயிலில் நாளெல்லாம் கிடந்துவிட்டு இரவில் ஓட்டித் திரும்ப வேண்டும். போகவர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள், அல்லது ஓட்டுவதற்கு இரண்டாவது ஆள் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. சமைத்த உணவும் பால் பொருட்களும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். ஐஸ் பெட்டியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குடிக்கும் தண்ணீருக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று. தண்ணீர் இருக்கும் பெட்டியைப் பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள், அந்தக் குளிர்ச்சியை நம்பி உணவை வைக்க முடியாது.

வயதானவர்களுக்கு இந்த வழி கடினம். மடக்கு நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார முடியாது. கழிப்பறை தூரத்தில் இருந்தால் பாட்டி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். வெயில் நாளில் அது நேரே உடம்பைப் பாதிக்கும். கழிப்பறை எவ்வளவு தொலைவு, படி ஏற வேண்டுமா என்பதை ஒருவர் முன்னதாகப் போய்ப் பார்த்துவருவது நல்லது. இன்னொன்று, தூங்கும் குழந்தையை நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். ஜன்னல் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறும், ஜன்னலைச் சற்றே இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இடி கேட்டால் உடனே தண்ணீரைவிட்டு வெளியே வந்து கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். மரத்தடி ஒதுங்கும் இடம் அல்ல. கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே திரும்பலாம். பகல் பயணத்தில் இப்படி இரண்டு முறை நடந்தால் நாளே முடிந்துவிடும்.

யாருக்குப் பொருந்தும்: ஏரி இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இருந்தால். பிள்ளைகள் ஓரளவு வளர்ந்தவர்களாக, பெரியவர்கள் நடமாட முடிந்தவர்களாக இருந்தால். இதுவரை சேர்ந்து எங்குமே போகாத குடும்பம் முதல்முறை போகிறதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு பகலைச் சேர்ந்து கழித்துப் பார்த்தாலே, அடுத்த கோடையில் ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு இரவு தங்கலாமா என்பது தெரிந்துவிடும்.

## ரிசார்ட்டில் தனித்தனி அறைகள்

இங்கே யாரும் சமைக்க வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கழிப்பறை, தனிக் கதவு. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளுக்கும், குறட்டை விடும் சித்தப்பாவுக்கும், இரவில் அழும் குழந்தையின் அம்மாவுக்கும் அந்தக் கதவு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவரவர் அறைக்கு அவரவர் பணம் என்பதால் கணக்கும் சுலபம். ஒருவர் முன்னதாகக் கிளம்பினாலும் மற்றவர்களுக்குப் பாதிப்பு இல்லை.

குறை என்னவென்றால், சேர்ந்திருக்கத்தான் வந்தோம், அதற்கு இடமே இருக்காது. அறைகள் வேறு வேறு தளத்தில் கிடைக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் எல்லோரும் உட்கார்ந்து பேச ஒரு கூடம் இருக்காது. காட்டேஜில் இரவு தானாகவே நடக்கும் அந்தப் பேச்சு, பழைய கதைகள், பிள்ளைகள் வரிசையாகப் படுத்துச் சிரிப்பது, இதெல்லாம் இங்கே தானாக நடக்காது. அறை எடுப்பதற்கு முன் பொதுக்கூடமோ பெரிய வராந்தாவோ தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் தாத்தா பாட்டிக்குப் பெரிய அறையாக எடுத்து, எல்லோரும் கூடும் இடமாக அதை வைத்துக்கொள்ளலாம்.

பணத்திலும் ஒரு முள் இருக்கிறது. மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு என்றால் பெரிய குடும்பத்துக்கு அறை வாடகையைத் தாண்டிப் போகலாம். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே வருமானம் இல்லை. காட்டேஜில் அந்த வித்தியாசம் தெரியாது. இங்கே யார் எந்த அறை எடுத்தார்கள், யார் எதைச் சாப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நெருக்கடியில் இருக்கும் குடும்பம் ஏதோ காரணம் சொல்லி வராமலே இருந்துவிடும். நீச்சல் குளமும் இருந்தால், கண்காணிக்க வேண்டிய தண்ணீர் இரண்டாகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

யாருக்குப் பொருந்தும்: எல்லோராலும் செலவு தாங்க முடியும் என்றால். தனிமை தேவைப்படுபவர்கள் அதிகம் என்றால். சமையலறையிலிருந்து விடுதலை தருவதே இந்தப் பயணத்தின் நோக்கம் என்றால்.

## சொந்தக்காரரின் ஏரி வீடு

பெரியப்பாவுக்கோ மாமாவுக்கோ கரையில் ஒரு வீடு இருக்கிறது, வாங்க என்கிறார். வாடகை இல்லை. இதைவிட நல்ல வாய்ப்பு எது என்று தோன்றும், பல சமயம் அது உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்காரர் அன்றைக்கு விருந்தினர் அல்ல. படகைக் கட்டுவது, மோட்டாரைப் பார்ப்பது, அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்வது எல்லாம் அவர் தலையில். அத்தைக்கு அதைவிட இரட்டிப்பு வேலை. நாம் கிளம்பிய மறுநாள் முழுக்க அவர்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். பணம் கொடுத்தால் வாங்க மாட்டார் என்றால், சுத்தம் செய்ய ஓர் ஆளை ஏற்பாடு செய்து அந்தக் கூலியை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். வீட்டுக்கு என்ன தேவை என்று கேட்டு வாங்கிப் போகலாம். கிளம்பும் முன் விரிப்புகளைக் கழற்றிப் போட்டு, பாத்திரம் கழுவிவைத்துவிட்டு வண்டியில் ஏறுங்கள். வருஷா வருஷம் அழைப்பு வருமா என்பது இதைப் பொறுத்துத்தான்.

கூடாரம் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். இளையவர்கள் மட்டும் போகிறார்கள் என்றால் அருமையான யோசனை. மூன்று தலைமுறைக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | காட்டேஜ் | பகல் பயணம் | தனி அறைகள் | சொந்தக்காரர் வீடு |
|---|---|---|---|---|
| அடுப்படி வேலை | அதிகம், பிரித்தால் குறையும் | முந்தின இரவு மட்டும் | இல்லை | வீட்டுக்காரர் தலையில் விழும் |
| தண்ணீர் ஆபத்து | நாள் முழுக்க | உயிர்காப்பாளர் உள்ள கரையில் குறைவு | இடத்தைப் பொறுத்தது | நாள் முழுக்க |
| வயதானவர் வசதி | நல்லது, கழிப்பறை போதுமானால் | கடினம் | மிக நல்லது | வீட்டைப் பொறுத்தது |
| மழை வந்தால் | சமாளிக்கலாம் | நாள் போய்விடும் | சமாளிக்கலாம், பிரிந்திருக்க நேரும் | சமாளிக்கலாம் |
| சேர்ந்திருப்பது | மிக அதிகம் | பகல் மட்டும் | முயற்சி வேண்டும் | மிக அதிகம் |
| மறையும் செலவு | குறைந்தபட்ச இரவுகள், சுத்தம், டெபாசிட் | ஓட்டுபவரின் களைப்பு | சாப்பாடு | நன்றிக்கடன் |

## நான் தேர்ந்தெடுப்பது

பெரிய குடும்பத்துக்கு நான் சொல்வது கலப்பு வழி. அளவான ஒரு காட்டேஜை எடுங்கள். தாத்தா பாட்டியும் சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களும் அதில் தங்கட்டும். மற்றவர்கள் பகலில் வந்து சேர்ந்து, இருட்டும் முன் கிளம்பட்டும். வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டை வாங்கி வருவது என்று வைத்தால், தங்கியிருப்பவர்கள் அன்றைக்கு அடுப்பைத் தொட வேண்டாம். வாடகையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், தங்குகிறவர்கள் அறைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். தனியாக வரும் சித்தப்பாவிடமும் ஐந்து பேரோடு வரும் குடும்பத்திடமும் ஒரே தொகையைக் கேட்பது நியாயம் ஆகாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பகல் விருந்தினரை அனுமதிக்காத வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மொத்தம் எத்தனை பேர் வருவார்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதே கடிதத்தில் கரையின் ஆழத்தையும் கேளுங்கள்: எத்தனை அடி வரை சரிவு மெதுவாகப் போகிறது, எங்கே சட்டென்று இறங்குகிறது? ஆழமான ஏரிகளில் கோடையிலும் மேல்நீர்தான் வெதுவெதுப்பாக இருக்கும், சில மீட்டர் கீழே போனாலே சட்டென்று குளிரும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழுந்தால் மூச்சு அடங்காமல் வாங்கும், நன்றாக நீந்துபவரும் அந்த முதல் நிமிடத்தில் தடுமாறுவார்.

ரத்து செய்யும் விதியையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வெயில் நாட்களில் சில ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி பெருகி, பச்சை வண்ணம் கொட்டினாற்போல் மேலே படியும். அதில் நச்சு இருக்கலாம். குளிக்கக் கூடாது, நாயையும் இறக்கக் கூடாது, காய்ச்சினாலும் அந்த நச்சு போகாது. அப்படி ஏரி மூடப்பட்டால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை முன்பணம் கொடுக்கும் அன்றே கேட்டு வாங்கிவிட வேண்டும்.